ஒலி அட்டை பழுதானால் ஆய்வும் நிற்க வேண்டுமா?

சூளூர்பேட்டை முதியோரின் எல்லைப்புறத் தமிழைப் பதிவுசெய்து, அவர்களிடமே ஒலிக்கச்செய்து சொற்களைச் சரிபார்த்துவந்தேன். இடையில் என் பழைய மடிக்கணினியின் ஒலிப்பகுதி செயலிழந்தது. உடனே புதிய கணினிக்கு நிதி கோருவதே நம் கல்விப்புல வழக்கம். அது வீண் தாமதம் என்பதே என் கருத்து.

கணினிக்குள் ஒலி என்பது எண்களின் வரிசை; அதை மின்னழுத்தமாக மாற்றினால் போதும். 1980களிலேயே ‘கோவாக்ஸ்’ கருவி, அச்சுப்பொறி இணைப்புமுனையின் 8 பிட்டுகளைச் சில மின்தடையாக்கிகளைக் கொண்டு குரலாக்கியது. இன்று யூஎஸ்பி ஒலி மாற்றி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. லினக்ஸில் பெரும்பாலும் தனி இயக்கி நிறுவாமலே இயங்குகிறது.

நிதி வரும்வரை அம்முதியோர் இருப்பார்கள் என்பதற்கு உறுதியில்லை. நண்பர்களே, விண்ணப்பம் எழுதுமுன் அம்மாற்றியைச் செருகிப் பாருங்கள்.