எல்லாவற்றுக்கும் ஒரே பார்கோடு போதுமா?

கம்ப்யூட்டரும் பிரிண்டரும் வாங்கியவுடன் வீட்டுப் புத்தகங்களுக்கும் மன்றத்துப் பொருட்களுக்கும் பார்கோடு ஒட்டிப் பார்க்கும் ஆசை பலருக்கு வருகிறது. நல்ல ஆசைதான். ஆனால் ஒட்டப்போகும் பொருளைப் பார்த்தே பார்கோடு வகையை முடிவு செய்ய வேண்டும் என்பது என் கருத்து.

ஒகேனக்கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். பரிசலில் செல்பவர்கள் அணியும் லைஃப் ஜாக்கெட் நனைகிறது, மடங்குகிறது, வெயிலில் காய்கிறது. அதே ஊரில் அலமாரியில் இருக்கும் புத்தகத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. இரண்டுக்கும் ஒரே லேபிள் எப்படிப் பொருந்தும்?

முதலில் புத்தகம். பின் அட்டையில் 978 என்று தொடங்கும் பார்கோடு இருக்கிறதே, அது போதாதா என்று கேட்பீர்கள். போதாது. அது இ.ஏ.என்-13 வகை, ஐ.எஸ்.பி.என். எண்ணை மட்டுமே தரும். ஒரே பதிப்பில் மூன்று பிரதிகள் இருந்தால் மூன்றிலும் அதே எண்தான். எந்தப் பிரதி யாரிடம் இருக்கிறது என்று தெரியாது. எனவே ஒவ்வொரு பிரதிக்கும் தனி எண் கொடுங்கள்.

இதற்குப் புதியவர்களுக்கு நான் சொல்வது கோட் 39. இதன் ஃபான்ட்டை நிறுவி, வேர்டில் *100245* என இருபுறமும் நட்சத்திரக் குறியுடன் டைப் செய்தால் பார்கோடு தயார். கோட் 128-க்கு ஃபான்ட் மட்டும் போதாது. சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிடும் சாஃப்ட்வேரும் வேண்டும். ஆனால் அதே எண் ஏறத்தாழ பாதி அகலத்தில் அடங்கிவிடும். இடம் குறைவான சிறு பொருட்களுக்கு அதுவே நல்லது.

லைஃப் ஜாக்கெட்டுக்கு என் தேர்வு க்யூஆர் கோடு. 1994-ல் ஜப்பானின் டென்சோ வேவ் உருவாக்கியது. உயர்ந்த பிழைதிருத்த நிலையில் அச்சிட்டால், சுமார் 30 சதவீதம் சிதைந்தாலும் படிக்க முடியும். செல்போன் கேமராவே போதும். கோடுகளை மட்டும் படிக்கும் லேசர் ஸ்கேனர் இதற்கு உதவாது. காகித லேபிளில் இங்க்ஜெட் மை கரைந்துவிடும். பாலியஸ்டர் லேபிளில் ரிப்பன் வைத்து அச்சிடும் தெர்மல் டிரான்ஸ்ஃபர் முறையே தாங்கும். எத்தனை ஜாக்கெட் போனது, எத்தனை திரும்பியது, எதைச் சோதிக்க வேண்டும் என்பது உயிர் சம்பந்தப்பட்ட கணக்கு. இங்கே லேபிளில் சிக்கனம் கூடாது.

எந்த வகையானாலும் பார்கோடுக்குள் எண் மட்டும் இருக்கட்டும்; பெயர், விலை, இடம் ஆகியவை கம்ப்யூட்டரில் இருக்கட்டும். அவை மாறினாலும் லேபிளை மாற்ற வேண்டியதில்லை. கோட்டின் இருபுறமும் வெற்றிடம் விடுங்கள். கீழே எண்ணையும் அச்சிடுங்கள். மின்சாரம் இல்லாத நேரத்தில் கண்ணே ஸ்கேனர்.

நூற்றுக்கணக்கில் அச்சிடும் முன் பத்து லேபிள் மட்டும் அச்சிட்டு, நோட்பேடைத் திறந்து வைத்து ஸ்கேன் செய்து பாருங்கள். பத்தும் சரியாக வந்த பிறகே மற்றவற்றை அச்சிடுங்கள்.