பெயர் எழுதாத கடிதம்



அரசாங்கக் கடிதம் ஒன்றின் பெறுமதி என்ன என்பதை அகதிகளாகிய எமக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. வெளிநாட்டவர் அலுவலகக் கடிதம் வந்தால், யாருடைய பெயருக்கு வந்திருக்கிறது, எந்த வசனத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று டொச் தெரிந்த பிள்ளையை இருத்தி வாசிக்கின்றோம். இம்முறை நாம் சொல்லப்போவது, முன்னூறு ஆண்டுகளுக்கு முன்னர் ஓர் அரச கடிதத்தை நம்பித் தலையைக் கொடுத்த மனிதரின் கதை. பெயர் யாக்கோப் லைஸ்லர். நாம் வாழும் இதே ஜேர்மனியில், பிராங்பேர்ட்டில் 1640 இல் பிறந்தவர்.

தகப்பன் ஒரு போதகர். மகன் 1660 இல் ஒல்லாந்தக் கம்பனியின் சாதாரணப் படையாளாகக் கப்பலேறி அமெரிக்கா போனார். அங்கே பணக்கார விதவை ஒருவரை மணந்து, வியாபாரம் செய்து பெரும் செல்வரானார். அவர் போய் இறங்கிய ஒல்லாந்தரின் ஊரை 1664 இல் ஆங்கிலேயர் பிடித்து நியூயோர்க் என்று பெயர் வைத்தனர்.

1688 இல் இங்கிலாந்தில் அரசு புரண்டது. கத்தோலிக்க மன்னர் இரண்டாம் ஜேம்ஸ் நாட்டை விட்டு ஓட, ஒல்லாந்திலிருந்து வந்த வில்லியம் 1689 இல் மனைவி மேரியுடன் அரியணை ஏறினார். இந்தச் சேதி கடல் கடந்து வந்ததும், ஜேம்ஸ் அமர்த்திய அதிகாரிகளை மக்கள் நம்பவில்லை. 1689 ஏப்ரல் 18 இல் பொஸ்ரன் மக்கள் ஆளுநர் அன்ட்ரோசைப் பிடித்து அடைத்தனர். மே 31 இல் நியூயோர்க்கின் ஊர்ப்படை கோட்டையைக் கைப்பற்றியது. அங்கிருந்த துணை ஆளுநர் நிக்கல்சன் ஜூன் மாதத்தில் இங்கிலாந்துக்குப் புறப்பட்டுவிட்டார். மக்கள் குழு லைஸ்லரைத் தலைவராக்கியது.

இனித்தான் விஷயம் இருக்கிறது. புதிய மன்னரின் தயவு யாருக்கு? இரு பக்கமும் இலண்டனை நோக்கியே பார்த்தன. நிக்கல்சன் முதலில் போய்ச் சேர்ந்து, தன் பக்கக் கதையைத் தானே சொன்னார். லைஸ்லர் ஓகஸ்ட்டில் அனுப்பிய ஆள் யூஸ்ட் ஸ்டோல் என்பவர். ஊர்ப்படையில் சிறு பதவி வகித்த மதுக்கடைக்காரர். நல்ல துணிச்சல்காரர்தான், ஆனால் அரண்மனையில் எப்படிப் பேசுவது என்று அறியாதவர். அவர் போய்ச் சேர முன்னரே ஸ்லோட்டர் என்பவரை நியூயோர்க்கின் ஆளுநராக்குவது என்று முடிவாகியிருந்தது. ஓடிப்போன நிக்கல்சனுக்கோ 1690 இல் வேர்ஜினியாவின் துணை ஆளுநர் பதவி கிடைத்தது!

1689 டிசம்பரில் மன்னரின் கடிதமொன்று நியூயோர்க்கிற்கு வந்தது. அது நிக்கல்சனின் பெயருக்கு எழுதப்பட்டிருந்தது. அவர் இல்லாவிட்டால் அவ்வேளையில் அங்கே அமைதி காத்துச் சட்டத்தை நடத்துபவருக்கு என்றும் அதில் இருந்தது. பழைய ஆலோசனைச் சபையினர் அது தமக்குரியது என்றனர். கோட்டையில் இருப்பவன் நான், ஆகவே கடிதம் எனக்கே என்று லைஸ்லர் வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து தன்னைத் துணை ஆளுநர் என்று அழைத்துக்கொண்டார். எதிர்த்தவர்களில் முக்கியமான பேயார்டை 1690 ஜனவரியில் பிடித்துச் சிறையில் போட்டார். அவரிடம் கடுமை அதிகம் இருந்தது என்பதை மறைக்கத் தேவையில்லை.

ஆனால் அவர் செய்த நன்மையையும் சொல்லவேண்டும். பிரான்சின் பதினான்காம் லூயி 1685 இல் புரட்டஸ்தாந்தரின் உரிமைகளைப் பறித்தபோது, ஆயிரமாயிரம் பேர் எம்மைப்போல் அகதிகளாக ஓடினர். அப்படி வந்தவர்கள் குடியேறுவதற்காக 1689 இல் ஆறாயிரம் ஏக்கர் நிலத்தை வாங்கி ஒழுங்கு செய்தவர் லைஸ்லர்தான். அதுதான் இன்றைய நியூ றொசெல் நகரம். 1690 இல் பிரெஞ்சுத் தாக்குதலை எதிர்கொள்ளப் பல குடியேற்றங்களின் பிரதிநிதிகளை நியூயோர்க்கில் கூட்டியவரும் அவரே.

1691 ஜனவரியில் இங்கோல்ட்ஸ்பி என்ற அதிகாரி படையுடன் வந்து கோட்டையைக் கேட்டார். ஆளுநர் ஸ்லோட்டரின் கப்பலோ பிந்திவிட்டது. எழுத்தில் அதிகாரம் இருந்தால் காட்டு என்றார் லைஸ்லர். காட்ட அவரிடம் எதுவும் இல்லை. இழுபறி முற்றி மார்ச் 17 இல் சூடு நடந்தது, சிலர் இறந்தனர். இரண்டு நாளில் ஸ்லோட்டர் வந்து சேர்ந்தார். வந்தவர் உண்மையிலேயே ஆளுநர்தானா என்று அறிய, அவரை இலண்டனில் கண்டிருந்த ஸ்டோலை லைஸ்லர் அனுப்பினார். அதன் பின்னரும் அன்றிரவே கோட்டையைக் கொடுக்கவில்லை. அந்த ஓர் இரவு அவருக்குப் பெரிய வினையாயிற்று.

வழக்கில் அவர் ஒரே கேள்வியில் நின்றார்: மன்னரின் கடிதம் எனக்கு அதிகாரம் தந்ததா இல்லையா? நீதிமன்றம் அதை ஆளுநரிடமும் அவரது சபையிடமும் கேட்டது. அந்தச் சபையில் இருந்தவர்களோ லைஸ்லரின் எதிரிகள். தரவில்லை என்று பதில் வந்தது. 1691 மே 16 இல் லைஸ்லரும் மருமகன் மில்போர்னும் தூக்கிலிடப்பட்டுத் தலையும் வெட்டப்பட்டனர்.

லைஸ்லரின் மகன் விடவில்லை. இலண்டன் போய் மனுமேல் மனுக்கொடுத்தார். 1695 இல் பாராளுமன்றம் அத்தண்டனையை நீக்கிச் சட்டம் இயற்றியது. 1698 இல் உடல்கள் தோண்டியெடுக்கப்பட்டு மரியாதையுடன் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டன. பேயார்டின் கதையையும் கேளுங்கள். லைஸ்லரின் எதிரிகள் 1691 இல் இயற்றிய ஒரு சட்டத்தின் கீழேயே 1702 இல் அவருக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது. புதிய ஆளுநர் வந்ததால் உயிர் தப்பினார்.

இக்கதையில் எம்மவர் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. கோட்டையைக் காத்தவர் லைஸ்லர், பதவி பெற்றவர் நிக்கல்சன். அரண்மனைக்கு வேலை தெரியாது, வந்து பேசுபவரைத்தான் தெரியும். அதே காலத்தில் பொஸ்ரன் மக்களுக்காக இன்கிறீஸ் மாதர் என்ற படித்த போதகர் நான்கு ஆண்டுகள் இலண்டனில் கிடந்து வாதாடினார். 1691 இல் புதிய பட்டயத்தைப் பெற்றதுடன், தான் விரும்பியவரையே ஆளுநராக்கவும் செய்தார். எங்கள் சங்கங்களும் மனு எழுதும்போதும் ஆளனுப்பும்போதும் இதை நினைப்பது நல்லது. துணிந்தவன் ஊரில் நிற்கட்டும், பேசத் தெரிந்தவன் போகட்டும்.

இன்னொன்றும் உண்டு. தகப்பனுக்கு நான்கு ஆண்டுகள் பிந்திக் கிடைத்த நீதியும், மகன் மனுவைக் கைவிட்டிருந்தால் கிடைத்திராது.