காரணவர் கையில் சதுரங்கம்

2022 ஆகஸ்டு மாதம் எட்டாம் தேதி காலையில் என் தங்கை மகன் பத்திரிகையும் கையுமாக என் முன்னால் வந்து நின்றான். அப்போது அவனுக்குப் பதினொரு வயது. நாகர்கோவிலைச் சுற்றி எந்தப் பள்ளிக்கூடத்தில் சதுரங்கப் பந்தயம் நடந்தாலும் அவனைக் கூட்டிக்கொண்டு போய், வெயில் தாழும் வரை வராந்தாவில் காத்திருந்து, திரும்பக் கூட்டிவருகிற உத்தியோகம் என்னுடையது. தாய்மாமன் என்ற பதவிக்கு எங்கள் பக்கத்தில் இன்று மிஞ்சியிருக்கும் அதிகாரம் அவ்வளவுதான்.

"மாமா, 157க்கு 16ன்னு போட்டிருக்கான். அந்த 157ல நம்ம ஓட்டும் உண்டா?"

முதல் நாள் சென்னையில் சர்வதேசச் சதுரங்க சம்மேளனத்தின் தலைவர் தேர்தல் நடந்திருந்தது. 'ஃபிடே' என்று உலகம் சுருக்கி அழைக்கிற அந்த ஸ்தாபனத்தின் தலைவராக இருந்த ரஷ்யர் அர்க்காடி ட்வோர்க்கோவிச், உக்ரேனியக் கிராண்ட்மாஸ்டர் ஆந்திரி பாரிஷ்போலெட்ஸைத் தோற்கடித்து மறுபடியும் தலைவரானார். அவருடைய அணியில் உதவித் தலைவராக நம் விஸ்வநாதன் ஆனந்த் வந்தார். மாமல்லபுரத்தில் 44-ஆவது ஒலிம்பியாடு நடந்துகொண்டிருந்த சமயம். வேட்டி கட்டிய குதிரைத் 'தம்பி' சுவருக்குச் சுவர் கைகூப்பி நின்றுகொண்டிருந்தான். தேர்தலைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்?

பையன் கவலைப்பட்டான். "நம்ம ஓட்டு இருந்திருக்கும்" என்றேன். "யாரு மாமா போட்டா?" "சம்மேளனத்துக்காரர் ஒருத்தர்." "அவரை யாரு அனுப்பினா?" "சம்மேளனம்." "யாருக்குப் போடணும்னு அவர்கிட்ட யாரு சொன்னா?" நான் அவனைப் பல் தேய்க்கப் போகச் சொன்னேன். பெரியவர்கள் விடை தெரியாதபோது செய்கிற காரியம்தான்.

இதை ஒரு நண்பரிடம் சொன்னபோது அவர் சிரித்தார். "உமக்கு ஏன் வே இந்த வம்பு? நீரு கதை எழுதும். செஸ்ஸுக்கு எவன் போய் எங்கே கை தூக்கினா உமக்கென்ன?" என்றார். என்னைப் போன்றவர்கள் எல்லோருமே அப்படிச் சொல்லிக்கொண்டு கதை எழுதப் போய்விடுகிறோம் என்பதுதான் இந்தச் சம்மேளனக்காரர்களுக்குக் கிடைத்திருக்கும் பெரிய பாக்கியம். ஆகவே வம்பிலேயே இறங்குகிறேன்.

ஃபிடே 1924-ல் பாரிஸில் தொடங்கியது. அங்கே ஒரு தேசத்துக்கு ஒரு ஓட்டு. பெரிய தேசம், சின்னத் தீவு என்ற வித்தியாசம் கிடையாது. இந்தியாவின் ஓட்டைப் போடுகிறவர், 1951-ல் பிறந்த அகில இந்தியச் சதுரங்க சம்மேளனம் யாரைக் குறித்து அனுப்புகிறதோ அவர். அந்தச் சம்மேளனத்தில் ஓட்டு உள்ளவர்கள் மாநிலச் சங்கத்துக்காரர்கள். மாநிலச் சங்கத்தில் ஓட்டு உள்ளவர்கள் ஜில்லாச் சங்கத்துக்காரர்கள். இப்படி இறங்கிக்கொண்டே போனால், பலகையின் முன்னால் உட்கார்ந்து குதிரையைத் தூக்குகிற ஆளை எங்கேயாவது சந்திப்போம் என்று நினைப்பீர்கள். சந்திக்கமாட்டீர்கள். அவனுக்கு முந்தின படியிலேயே ஏணி முடிந்துவிடுகிறது.

2021 ஜனவரியில் சம்மேளனத் தலைவர் பதவிக்குத் தேர்தல் நடந்தது. கான்பூரைச் சேர்ந்த சஞ்சய் கபூருக்கு 33 ஓட்டு; ராஜபாளையத்துச் சிமெண்டுக் குடும்பத்தைச் சேர்ந்த வெங்கட்ராம ராஜாவுக்கு 31. கூட்டிப் பார்த்தால் 64. சதுரங்கப் பலகையிலும் 64 கட்டம்தான் என்பது விதியின் குறும்பு. ஆனால் இந்தப் பலகையில் ஆட்டக்காரனுக்கு ஒரு கட்டம்கூட இல்லை. அதே தேர்தலில் காரியதரிசியான பரத் சிங் சௌஹானுக்கு 35 ஓட்டு. பதவியில் இருப்பவர் மீண்டும் வரவேண்டுமானால் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்ற விளையாட்டு விதியைக் காட்டி, அவர் தொடரக்கூடாது என்று டில்லி உயர்நீதிமன்றம் 2022 ஜூனில் சொல்லிவிட்டது. ஒலிம்பியாடு வந்துவிட்டதே என்பதற்காக உச்சநீதிமன்றம் ஆகஸ்டு 15 வரை அவரை இருக்கவிட்டது. ஆக, உலகத் தேர்தல் நம் வீட்டு வாசலில் நடந்த அந்த ஞாயிற்றுக்கிழமை, நம் சம்மேளனத்தின் காரியதரிசி கோர்ட்டார் கொடுத்த அவகாசத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.

சரி, அந்த ஒரு ஓட்டால் என்ன குடிமுழுகிப்போய்விடும்? 1997 டிசம்பரைச் சொல்கிறேன். ஃபிடே அந்த வருஷம் உலகப் பட்டத்துக்கு ஒரு புதுமையான முறையைக் கண்டுபிடித்தது. எல்லோரும் ஹாலந்தில் குரோனிங்கன் நகரில் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டு வரவேண்டும்; கடைசியில் எஞ்சுகிறவர் ஸ்விட்சர்லாந்தில் லோஸானுக்குப் போய், அங்கே இளைப்பாறிக்கொண்டு காத்திருக்கும் அனத்தோலி கார்ப்போவுடன் ஆடவேண்டும். எஞ்சியவர் நம் ஆனந்த். டிசம்பர் கடைசியில் அங்கே முடித்தார்; ஜனவரி 2-ஆம் தேதி இங்கே தொடங்கினார். மாதம் முழுக்க ஓடிக் களைத்தவனைப் புதிதாகக் குளித்துவிட்டு வந்தவனோடு ஓடச்சொன்ன பந்தயம். அப்படியும் ஆறு ஆட்டத்தில் மூன்றுக்கு மூன்று என்று சரிசமமாக நின்றார். பிறகு நடந்த இரண்டு துரித ஆட்டங்களிலும் தோற்றார்.

இந்த முறையை வகுத்த ஸ்தாபனத்தில் நமக்கும் ஒரு நாற்காலி உண்டு. ஆனந்தின் பெயரை அறியாத வீடு தமிழ்நாட்டில் இல்லை. அந்த நாற்காலியில் ஆனந்துக்காக உட்கார்ந்திருந்தவரின் பெயர் என்ன? சதுரங்கம் தெரிந்த பத்துப் பேரிடம் கேட்டுப்பாருங்கள்.

அந்த முறையைக் கொண்டுவந்த தலைவர் கிர்ஸான் இலியும்ஜினோவ். வேற்றுக் கிரகத்துக்காரர்கள் 1997-ல் தம்மைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவந்து விட்டதாகத் தாமே சொல்லிக்கொண்டவர். அதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. எங்கள் ஊரில் யட்சியைக் கண்டவர்கள் பலர் நல்ல மனிதர்களாக இருந்திருக்கிறார்கள். ஆனால் 1995-லிருந்து 2018 வரை இருபத்து மூன்று வருஷம் அவர் அந்த நாற்காலியில் இருந்தார். 2010-ல் கார்ப்போவை 95-க்கு 55 என்றும், 2014-ல் காஸ்பரோவை 110-க்கு 61 என்றும் தோற்கடித்தார். பலகையில் உலகத்தையே ஜெயித்த இரண்டு பேரை, ஓட்டுப்பெட்டியில் ஜெயித்தவர். 2015-ல் அமெரிக்க அரசாங்கம் அவர்மேல் தடை விதித்தது. 2018-ல் ஃபிடேயின் ஸ்விட்சர்லாந்து வங்கிக் கணக்குக்கே மூடுவிழா வந்தது. அந்த ஓட்டுக்களைப் போட்டவர்கள் ஆகாயத்திலிருந்து இறங்கியவர்கள் அல்ல. ஒவ்வொரு தேசத்திலிருந்தும் ஒருவர், பெட்டியும் கோட்டுமாகப் புறப்பட்டுப் போனவர்கள். போனவர்களைக் கேட்க ஊரில் ஆள் இல்லை.

நாஞ்சில் நாட்டுக்காரனுக்கு இது புதிதாகப் படவேண்டியதில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு காலத்தில் காரணவர் என்று ஒருவர் இருந்தார். மருமக்கள் வழியில் வந்த குடும்பத்தின் மூத்த ஆண். வயல் அவர் கையில், தோப்பு அவர் கையில், வழக்கு நடத்துவதும் அவரே. வயலில் இறங்குகிற அனந்தரவன் கணக்குக் கேட்டால் அது மரியாதைக் குறைவு. குடும்பத்தின் பேரால் அவர் திருவனந்தபுரத்துக்குப் போவார், கோர்ட்டில் கையெழுத்துப் போடுவார்; என்ன கையெழுத்து என்பது, கடன்காரன் வாசலில் வந்து நிற்கும்போதுதான் மற்றவர்களுக்குத் தெரியும். கவிமணி இதைத்தான் மருமக்கள் வழி மான்மியத்தில் சிரிக்கச் சிரிக்கச் சொன்னார். ஊர் சிரித்தது, பிறகு யோசித்தது, 1926-ல் திருவிதாங்கூரில் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்தது. பங்கு கேட்கிற உரிமை பிறந்தது.

காரணவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் என்று யாரும் சொல்லவில்லை. தங்கள் சொத்தை விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றியவர்களும் உண்டு. நம் சதுரங்க சம்மேளனத்திலும் சொந்தப் பணத்தைச் செலவழித்துப் பந்தயம் நடத்தியவர்கள் உண்டு. பொள்ளாச்சி மகாலிங்கம் தலைவராக இருந்த சம்மேளனம் இது. விஷயம் காரணவரின் குணத்தைப் பற்றியது அல்ல. கேட்க முடியாத இடத்தில் அவர் உட்கார்ந்திருக்கிறார் என்பதைப் பற்றியது. கேள்வி இல்லாத இடத்தில் என்னென்ன வளரும் என்பதற்கு ஒரு சான்று: தங்கள் அங்கீகாரம் இல்லாத பந்தயத்தில் ஆடினால் ஆட்டக்காரனுக்குத் தடை என்று நம் சம்மேளனம் விதி வைத்திருந்தது. ஆட்டக்காரர்கள் சிலர் துணிந்து முறையிட்டார்கள். 2018 ஜூலையில் இந்தியப் போட்டி ஆணையம் அந்த விதி தவறு என்று தீர்த்து, சம்மேளனத்துக்கு ஆறு லட்சத்து 92 ஆயிரம் ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டது. ஆட்டக்காரன் ஆடுவதே குற்றமாகிற சங்கத்தை ஆட்டக்காரனே ஓட்டுப்போட்டு அமைத்திருப்பானா?

"ஆனந்தே ஃபிடேயில் உதவித் தலைவராகிவிட்டாரே, இன்னும் என்ன வேண்டும்?" என்று நண்பர் கேட்டார். நல்ல கேள்வி. ஆனந்தைவிடப் பொருத்தமானவர் இந்தத் தேசத்தில் இல்லை என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் அவரை அங்கே கொண்டுபோனது யார்? ட்வோர்க்கோவிச் தம் அணிக்கு அழைத்தார், போனார். இந்திய ஆட்டக்காரர்கள் கூடி, எங்கள் சார்பில் நீர் போம் என்று அனுப்பவில்லை. நல்ல மாப்பிள்ளை தற்செயலாக அமைந்துவிட்டதால், பெண்ணின் சம்மதம் கேட்காததும் நல்ல வழக்கம் என்று ஆகிவிடுமா?

இன்னொரு தரப்பு உண்டு. ஆட்டக்காரனுக்கு நிர்வாகம் தெரியாது என்பார்கள். முன்னாள் உலகச் சாம்பியன் மாக்ஸ் யூவே 1970-லிருந்து எட்டு வருஷம் ஃபிடேக்குத் தலைவராக இருந்தார். 1972-ல் ரெய்க்யாவிக்கில் பாபி ஃபிஷர் வருவாரா மாட்டாரா என்று உலகமே நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தபோது, ஆட்டத்தைத் தள்ளிவைத்து, ஏச்சை எல்லாம் வாங்கிக்கொண்டு, அந்தப் பந்தயத்தை நடத்திக்காட்டியவர் அவர். அதே சமயம், ஆட்டக்காரன் என்பதாலேயே ஒருவன் யோக்கியனாகிவிடமாட்டான் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். 2014 தேர்தலுக்காக ஓட்டுத் திரட்டித் தரும் ஒப்பந்தம் ஒன்றில் ஃபிடேயின் அன்றைய காரியதரிசியோடு காஸ்பரோவ் சேர்ந்துகொண்டார் என்று, 2015-ல் ஃபிடேயின் ஒழுக்கக் குழு இருவருக்குமே தடை விதித்தது. ஆகவே நான் கேட்பது ஆட்டக்காரனை அனுப்புங்கள் என்றல்ல. வக்கீல் போகட்டும், சிமெண்டு வியாபாரி போகட்டும். அனுப்புவது ஆட்டக்காரனாக இருக்கவேண்டும்.

ரகசிய ஓட்டு என்ற ஒரு திரை வேறு இருக்கிறது. பிரதிநிதி யாருக்குப் போட்டார் என்று கேட்டால், ஓட்டு ரகசியம் என்பார்கள். எனக்குச் சட்டசபைத் தேர்தலில் ரகசியம் உண்டு. ஏனென்றால் அந்த ஓட்டு என்னுடையது, என்னை மிரட்டுகிறவனிடமிருந்து அது என்னைக் காக்கிறது. பிரதிநிதியின் கையில் இருப்பது அவருடைய ஓட்டா? நம்முடையது. நம் பொருளை நமக்கே மறைத்து வைப்பதற்கு ரகசியம் என்று பெயர் அல்ல. எங்கள் ஊரில் வேறு பெயர் உண்டு. இந்த நியாயத்தை நம் தேசம் அறியாததும் அல்ல. ராஜ்யசபைத் தேர்தலில் எம்.எல்.ஏ.க்கள் தங்கள் ஓட்டைக் கட்சியின் ஏஜெண்டுக்குக் காட்டிவிட்டே பெட்டியில் போடவேண்டும் என்று 2003-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். 2006-ல் உச்சநீதிமன்றமும் அது சரியே என்றது. ஃபிடே தன் பெட்டியை மூடியே வைத்துக்கொள்ளட்டும். போவதற்கு முன்னால், இன்னாருக்குப் போடு என்று இங்கே தீர்மானம் எழுதுவதையும், வந்தபின் பேசியது என்ன, கேட்டது என்ன, கிடைத்தது என்ன என்று எழுதிக் கேட்பதையும் ஃபிடே தடுத்துவிடுமா?

2024-ல் ஒரு வேடிக்கை நடந்தது. குகேஷுக்கும் டிங் லிரனுக்கும் உலகப் பட்டப் பந்தயத்தை நடத்த விண்ணப்பங்கள் கேட்டார்கள். தமிழ்நாட்டு அரசாங்கம் சென்னைக்கு என்று ஒரு மனுப் போட்டது. சதுரங்க சம்மேளனம் டில்லிக்கு என்று இன்னொரு மனுப் போட்டது. ஒரே தேசம், ஒரே பையன், இரண்டு பந்தல். ஃபிடே இரண்டையும் வாங்கி வைத்துக்கொண்டு பந்தயத்தைச் சிங்கப்பூருக்குக் கொடுத்தது. குகேஷ் அங்கே போய் டிசம்பரில் ஜெயித்துவிட்டான், பதினெட்டு வயதில். ஜெயித்த சந்தோஷத்தில் இந்த அலங்கோலம் மறந்துபோயிற்று. இந்தியா என்ன கேட்கிறது என்று வீட்டுக்குள்ளே உட்கார்ந்து முடிவு செய்துகொள்ளாதவர்கள், வெளியே போய் யாருடைய பெயரால் பேசுகிறார்கள்?

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் ஒரு விளையாட்டு ஆளுமைச் சட்டத்தை நிறைவேற்றியது. சம்மேளனங்களின் நிர்வாகக் குழுவில் சிறந்த ஆட்டக்காரர்களுக்கும் பெண்களுக்கும் இடம் வேண்டும் என்கிறது. வரவேற்கிறேன். ஆனால் பதினைந்து பேர் வரை இருக்கக்கூடிய குழுவில் ஆட்டக்காரன் சிறுபான்மைதான். ஃபிடேக்குப் போகிறவர் யார் என்ற பேச்சு வரும்போது, ஓரத்தில் உட்கார்ந்து கை தூக்குவான். அனந்தரவனுக்குத் திண்ணையில் பாய் போட்டாயிற்று. பெட்டிச் சாவி இன்னும் உள்ளேதான்.

பட்டம் பெற்ற ஆட்டக்காரர்களின் ஜாபிதா சம்மேளனத்திடமும் ஃபிடேயிடமும் இருக்கிறது. கிராண்ட்மாஸ்டர், சர்வதேச மாஸ்டர் என்று ஆண்களும் பெண்களும் பேர் பேராக அதில் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஆளுக்கு ஒரு ஓட்டுக் கொடுத்துப் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதில் என்ன கஷ்டம்? போகிற மனிதர் இன்னார் என்று போவதற்கு முன்பே பத்திரிகையில் போடட்டும். போக்குவரத்துச் செலவையும் சேர்த்துப் போட்டால் நான் ஆட்சேபிக்கமாட்டேன்.

பையன் இப்போது என்னைவிட உயரமாகிவிட்டான். போன மாதம் ஒரு பந்தயத்திலிருந்து வடசேரியில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது, தோற்ற ஆட்டத்தைப் பற்றிப் புலம்பிக்கொண்டே வந்தவன் திடீரென்று, "அந்த ஓட்டு விஷயம் தெரிஞ்சுதா மாமா?" என்றான். இன்னும் தெரியவில்லை என்றேன்.