தேடத் தெரிந்தால் ஏன் கேட்கப்போகிறார்?

‘கூகுளில் தேடினாலே கிடைக்கும் விடையைக் கேட்டு எங்கள் நேரத்தைப் புதியவர்கள் ஏன் வீணடிக்கிறார்கள்?’ என்று சலித்துக்கொள்கிறார்கள் மூத்த நிரலாளர்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால், தேடுவதற்கு முதலில் சொல் தெரிய வேண்டுமே!

பைத்தான் நிரல்மொழி கற்கத் தொடங்கிய ஒருவர் 5, 7 என இரு எண்களை உள்ளிட்டுக் கூட்டுகிறார். 12க்குப் பதில் 57 வருகிறது. உள்ளீடு வாங்கும் ‘இன்புட்’ கட்டளை தருவது எண்ணல்ல, எழுத்துச்சரம் என்று அறிந்தவருக்கு இது அரை நிமிட வேலை. அறியாதவர் எதைத் தேடுவார்? தேடிப் பழைய பாடம் ஒன்று சிக்கினால் குழப்பம் இரட்டிப்பாகும். பைத்தான் 2-இல் அதே வரிகள் 12 என்றே காட்டும். 2008-இல் வந்த பைத்தான் 3 அதை மாற்றிவிட்டது.

வீட்டுப்பாடத்தை அப்படியே ஒட்டிவிட்டு விடை கேட்பவர்களும் உண்டு, மறுக்கவில்லை. ‘இதுவரை என்ன முயன்றீர்கள்?’ என்று கேளுங்கள். சோம்பேறி நழுவிவிடுவார், கற்க வந்தவர் தன் நிரலைக் காட்டுவார். ஏளனம் செய்தால் இருவருமே போய்விடுவார்கள்.

புதியவர்களை வரவேற்பதில் தவறிவிட்டோம் என்று நிரலாளர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ நிறுவனமே 2018-இல் வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. பதில் சொல்லப் பொறுமை இல்லையா? பேசாமல் கடந்து போங்கள். யாரும் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை.