நிறுவலும் ஆய்வுநெறியே: யூனிக்ஸ் பணிநிலையத்தில் மொழியாய்வுக் கருவித்தொகுதிகள்

ஆய்வுச் சுருக்கம்

கணினிவழித் தமிழாய்வில் பயன்படும் கருவித்தொகுதிகளை யூனிக்ஸ் வகைக் கணினியில் நிறுவும் செயல், ஆய்வுக்கு வெளியே நிற்கும் தொழில்நுட்ப வேலையாகவே கருதப்பட்டு வருகிறது. நிறுவும்போது மேற்கொள்ளப்படும் தெரிவுகள் சொல்லெண்ணிக்கை, எழுத்தெண்ணிக்கை, அகரவரிசை ஆகிய அடிப்படை முடிவுகளையே மாற்றவல்லவை. ஆதலின் அது ஆய்வுநெறியின் ஒரு கூறு என்றும், ஆய்வேடுகளிலும் ஆய்விதழ்களிலும் நிறுவற்குறிப்பு இடம்பெறுதல் வேண்டும் என்றும் இக்கட்டுரை வலியுறுத்துகிறது.

திறவுச் சொற்கள்: யூனிக்ஸ், கருவித்தொகுதி, நிறுவல், அகரவரிசை, சொற்பிரிப்பு, பாடவேறுபாடு

முன்னுரை

இலக்கியப் பனுவல்களின் சொல்வருகை எண்ணிக்கை, சொல்லடைவு உருவாக்கம், நடையியல் ஒப்பீடு முதலிய பணிகளுக்குக் கணினி இன்று இயல்பான துணையாகிவிட்டது. இவ்வகை ஆய்வுகளில் பனுவலின் பதிப்பு, பதிப்பாசிரியர், ஆண்டு ஆகியன முறையாகக் குறிக்கப்பெறுகின்றன. எண்ணிய கருவியைப் பற்றியோ, 'கணினிவழிக் கணக்கிடப்பட்டது' என்னும் ஒரு தொடர் மட்டுமே பல வேளைகளில் காணக்கிடைக்கிறது. எந்தக் கருவி, அதன் எந்தப் பதிப்பு, எந்த இயங்குதளத்தில், எவ்வாறு நிறுவப்பட்டது என்பன கூறப்படுவதில்லை.

உ.வே.சாமிநாதையர் தாம் ஒப்புநோக்கிய ஏடுகளைப் பற்றித் தம் பதிப்பு முன்னுரைகளில் குறித்துச் சென்றார். பாடம் எங்கிருந்து வந்தது என்பதைப் பிறர் ஆராய்வதற்கு அக்குறிப்புகளே வழி திறந்தன. சுவடிக்கு வேண்டப்படும் இந்த நேர்மை, சுவடியின் பாடத்தை எண்ணித்தரும் கருவிக்கும் வேண்டப்படுவதே. கருவியும் பாடவேறுபாடு உடையது.

நிறுவல் என்னும் செயல்

யூனிக்ஸ் 1969இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி ஆகியோரின் முயற்சியால் தோன்றியது. அதன் வழிவந்த அமைப்புகளும், அதனைப் போன்றே இயங்குமாறு எழுதப்பெற்ற லினக்சும் இன்று ஆய்வுக்கூடங்களில் பரவலாக வழங்குகின்றன. இவற்றில் ஓர் அறிவியல் கருவித்தொகுதியை நிறுவப் பொதுவாக இரண்டு வழிகள் உண்டு. முன்னரே தொகுத்து வைக்கப்பட்ட பொதியைப் பெற்று நிறுவுதல் ஒன்று. மூலநிரலைப் பெற்று, அந்தக் கணினியிலேயே தொகுத்து நிறுவுதல் மற்றொன்று.

இரண்டாம் வழியில் மூன்று படிகள் உள்ளன. 'கான்ஃபிகர்' என்னும் படி கணினியில் எந்தத் தொகுப்பி உள்ளது, எந்த நிரலகங்கள் உள்ளன என்பவற்றை ஆராய்ந்து அதற்கேற்ப அமைப்பைத் தீர்மானிக்கிறது. 'மேக்' என்னும் படி மூலநிரலை இயங்குநிரலாக்குகிறது. 'மேக் இன்ஸ்டால்' என்பது ஆக்கியதை உரிய கோப்புறைகளில் சேர்க்கிறது. முதற்படியே இங்குக் கருதத்தக்கது. ஒரு நிரலகம் கணினியில் இருந்தால் ஒருவகையாகவும் இல்லையேல் வேறுவகையாகவும் கருவி உருப்பெறுகிறது. இத்தெரிவு பெரும்பாலும் நிறுவுபவரின் கவனத்திற்கு வாராமலே நிகழ்ந்துவிடுகிறது.

பொதுப் பயன்பாட்டுப் பணிநிலையத்தில் மற்றொரு நிலையும் உண்டு. அனைவருக்கும் உரிய கோப்புறையில் நிறுவும் உரிமை கணினிப் பொறுப்பாளருக்கே உரியது. ஆய்வு மாணவர் தம் சொந்தக் கோப்புறையில் மட்டும் நிறுவிக்கொள்ளலாம். இதனால் ஒரே கணினியில் பைத்தான் மொழியின் இரண்டு மூன்று பதிப்புகள் அமைந்துவிடுதல் இயல்பு. கட்டளையை இடும்போது எப்பதிப்பு இயங்கும் என்பதை, கோப்புறைகளைத் தேடும் வரிசையைக் குறிக்கும் 'பாத்' என்னும் அமைப்பே தீர்மானிக்கிறது. ஒரே மேசையில் அடுத்தடுத்து அமர்ந்து பணிபுரியும் இருவர் ஒரே கட்டளையை இட்டு வேறுவேறு கருவிகளை இயக்கக்கூடும்.

பிற துறைகள் கண்ட அனுபவம்

இவ்வேறுபாடுகள் புறக்கணிக்கத்தக்க அளவினவே என்று கருதுவார்க்கு அறிவியல் துறைகளின் அனுபவம் விடை தருகிறது. மூளையின் காந்த அதிர்வுப் படங்களை அளக்கும் ஃபிரீசர்ஃபர் என்னும் மென்பொருளைப் பற்றிக் குரோனன்ஷில்டும் உடனாய்வாளர்களும் 2012இல் பிளாஸ் ஒன் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். படங்களை மாற்றாமல் மென்பொருளின் பதிப்பை மட்டும் மாற்றியபோது, மூளைப் பகுதிகளின் கனஅளவு சராசரியாக 8.8 விழுக்காடும், புறணியின் தடிமன் 2.8 விழுக்காடும் வேறுபட்டன. பணிநிலையத்தின் வகையையோ இயங்குதளத்தின் பதிப்பையோ மாற்றியபோதும் வேறுபாடு தோன்றியது. அஃது ஏறத்தாழ முன்னதில் பாதியளவாக இருந்தது. ஓர் ஆய்வின் இடையில் இவற்றை மாற்றலாகாது என்பது அவர்கள் வழங்கிய அறிவுரை.

வேதியியலிலும் இத்தகைய நிகழ்வு உண்டு. 2014இல் நேச்சர் புரோட்டோகால்ஸ் இதழில் வெளியான ஒரு பைத்தான் நிரல், கோப்புகள் பெயர் வரிசையிலேயே தன்னிடம் வந்துசேரும் என்று கொண்டு எழுதப்பட்டிருந்தது. கோப்புகள் எவ்வரிசையில் வரும் என்பதோ இயங்குதளத்தைப் பொறுத்தது. ஆதலின் ஒரே தரவு வேறுவேறு கணினிகளில் வேறுவேறு விடைகளைத் தந்தது. ஹவாய்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் ஆர்கானிக் லெட்டர்ஸ் இதழில் இதனை வெளிப்படுத்தினர். நிரல் எங்கும் பிழையென்று நின்றுவிடவில்லை, விடை தந்துகொண்டேயிருந்தது. அதுவே அதன் இடர்.

தமிழ்ப் பனுவலில் நிகழ்வது

தமிழ்த் தரவுக்கு இவ்விடர் இன்னும் அடிப்படையானது. 'தமிழ்' என்னும் சொல்லில் எழுத்து மூன்று என்பது இலக்கண மரபு. ஒருங்குறியில் அது த, ம, இகரக்குறி, ழ, புள்ளி என ஐந்து குறியெண்களாக அமைகிறது. யூடிஎஃப்-8 முறையில் சேமிக்கும்போது 15 பைட்டுகளைக் கொள்கிறது. யூனிக்சில் எழுத்துகளை எண்ணித்தரும் 'டபிள்யூசி' என்னும் சிறுகருவி, கணினியின் மொழிச்சூழல் அமைப்பு யூடிஎஃப்-8 ஆக இருப்பின் இச்சொல்லுக்கு 5 என்றும், 'சி' எனப்படும் பழைய அமைப்பாக இருப்பின் 15 என்றும் விடை தரும். 3 என்னும் விடை இரண்டிலும் இல்லை. யாப்பாய்விலோ நடையியலிலோ எழுத்தெண்ணிக்கையைச் சான்றாகக் காட்டும் ஒருவர், எந்த எண்ணிக்கையைக் காட்டுகிறார் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

சொற்பிரிப்பும் இத்தகையதே. பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் 2001இல் தொடங்கப்பெற்ற என்எல்டிகே, மொழியாய்வில் பரவலாகப் பயன்படும் பைத்தான் கருவித்தொகுதி. அதிலுள்ள சொற்பிரிப்பிகளுள் ஒன்று, சொல்லையும் நிறுத்தற்குறியையும் தேடல் வடிவம் ஒன்றன் துணையால் பிரிக்கிறது. அத்தேடலை நிகழ்த்தும் பைத்தானின் இயல்பான நிரலகம் உயிர்மெய்க்குறிகளையும் புள்ளியையும் சொல்லின் உறுப்பாகக் கொள்வதில்லை. அதனால் 'தமிழ்' என்னும் ஒரு சொல் 'தம', இகரக்குறி, 'ழ', புள்ளி என நான்கு துண்டுகளாகச் சிதைகிறது. ஆங்கிலப் பனுவலில் செவ்வனே இயங்கும் கருவி தமிழ்ப் பனுவலில் சொற்பட்டியல் என்ற பெயரில் சிதைவுகளின் பட்டியலைத் தருகிறது.

ஆர் மொழியின் 'ஸ்டிரிங்கி' பொதி, ஐசியூ என்னும் வேறொரு நிரலகத்தைச் சார்ந்தது. அஃது உயிர்மெய்க்குறிகளைச் சொல்லின் உறுப்பாகவே கொள்கிறது. எனவே அதே தேடல் வடிவம் அங்கே ஒரு சொல்லையே தரும். இப்பொதியை மூலநிரலிலிருந்து நிறுவும்போது கணினியில் முன்பே உள்ள ஐசியூவைப் பயன்படுத்தலாம். பொதியுடன் வரும் ஐசியூவையும் பயன்படுத்தலாம். இரண்டின் பதிப்புகளும் ஒன்றாக இருக்கவேண்டும் என்பதில்லை. மேலே கூறிய 'கான்ஃபிகர்' படியின் தெரிவு தமிழாய்வின் முடிவைத் தொடும் இடம் இதுவாகும்.

அகரவரிசையே தமிழறிஞர்க்கு எளிதில் விளங்கும் சான்று. தமிழ் நெடுங்கணக்கின் மெய்வரிசை ய, ர, ல, வ, ழ, ள, ற, ன எனச் சென்று னகரத்தில் முடிகிறது. ஒருங்குறியின் தமிழ்ப் பகுதியோ 1988ஆம் ஆண்டின் இஸ்கி குறிமுறையைத் தழுவி, தேவநாகரிக்கு இணையான இடவமைப்பைக் கொண்டது. அங்கே னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும், வகரம் ழகரத்திற்குப் பின்னும் நிற்கின்றன. 'மலை, மழை, மறை, மனை' என மரபுப்படி அமையவேண்டிய நான்கு சொற்களை யூனிக்சின் 'சார்ட்' கருவி 'சி' அமைப்பில் 'மனை, மறை, மலை, மழை' என அடுக்குகிறது. இவ்வரிசையில் அமைந்த சொல்லடைவு அகராதிப் பயிற்சியுடைய வாசகர்க்குப் பயன்படாது.

மொழிச்சூழல் அமைப்பைச் சரிசெய்துவிட்டாலும் சிக்கல் முற்றும் தீர்ந்துவிடுவதில்லை. லினக்சின் அடிப்படை நிரலகமாகிய ஜிலிப்சி, 2018இல் வெளியான 2.28ஆம் பதிப்பில் தன் வரிசைப்படுத்தும் தரவுகளைப் பெருமளவில் மாற்றியது. அதன் விளைவாகப் பல தரவுத்தளங்களின் சுட்டுவரிசைகளை மீண்டும் உருவாக்க நேர்ந்தது. பட்டியலைத் தொடாமல் இயங்குதளத்தை மட்டும் புதுப்பித்தாலும் வரிசை மாறக்கூடும் என்பதற்கு இது சான்று.

நடையியல் ஒப்பீட்டில் பனுவலின் பகுதிகளைக் குலுக்கல் முறையில் தெரிவது வழக்கம். மறுபடியும் அதே பகுதிகள் கிடைக்கும் பொருட்டு ஒரு தொடக்க எண்ணைக் குறித்துவைப்பர். ஆர் மொழியின் 3.6.0 பதிப்பு 2019இல் குலுக்கல் முறையின் இயல்பமைப்பை மாற்றிவிட்டது. தொடக்க எண்ணைக் குறித்து, மொழியின் பதிப்பைக் குறிக்காத ஆய்வை மீளச் செய்பவர்க்கு வேறு பகுதிகளே கிடைக்கக்கூடும்.

எழக்கூடிய மறுப்புகள்

இவையெல்லாம் கணினியியலார் கவலை, தமிழ் ஆய்வாளர்க்கு உரியன அல்ல என்று கூறப்படலாம். மேற்காட்டிய சிக்கல்களுள் எதையும் தமிழ் அறியாத கணினி வல்லுநர் கண்டுபிடித்திருக்க இயலாது என்பதே இதற்கு விடை. 'மனை' முதலிலும் 'மழை' இறுதியிலும் நிற்பது பிழையென உணர நெடுங்கணக்கு தெரிந்திருத்தல் வேண்டும். கருவியின் விடையை ஐயுறும் தகுதி தமிழ் ஆய்வாளரிடமே உள்ளது. அவர் நிறுவலை முழுவதும் பிறரிடம் ஒப்படைத்துவிடின் அந்தத் தகுதி பயன்படாது போகிறது.

டாக்கர் போன்ற கொள்கலன் முறைகள் நிறுவிய சூழலை அப்படியே பொதித்துத் தருவதால் குறிப்பு தேவையில்லை என்பது மற்றொரு மறுப்பு. கொள்கலன் பெரும் வசதி என்பதில் ஐயமில்லை. ஆயினும் அது பிழையையும் சேர்த்தே காக்கிறது. சிதைந்த சொற்பிரிப்பைக் கொள்கலனில் இட்டால் அதே சிதைவு எங்கும் ஒன்றுபோலக் கிடைக்கும். மீளக் கிடைத்தல் வேறு, சரியாக இருத்தல் வேறு.

கட்டுரையின் பக்க அளவு இடந்தராது என்பது நடைமுறை சார்ந்த மறுப்பு. கீழே கூறப்படும் குறிப்பு ஒரு பத்தியில் அடங்கும். துணைநூற்பட்டியலில் ஐந்தாறு நூல்கள் கொள்ளும் இடமே அதற்குப் போதும்.

நிறுவற்குறிப்பின் கூறுகள்

கணினிவழித் தமிழாய்வு ஒவ்வொன்றிலும் பின்வருவன இடம்பெறுதல் வேண்டும்.

1. இயங்குதளத்தின் பெயரும் பதிப்பெண்ணும்.

2. மொழி, கருவித்தொகுதி, துணைப்பொதிகள் ஆகியவற்றின் பதிப்பெண்கள். பைத்தானில் 'பிப் ஃபிரீஸ்', ஆர் மொழியில் 'செஷன் இன்ஃபோ' ஆகிய கட்டளைகள் இப்பட்டியலைத் தாமே தருகின்றன.

3. பொதியாகப் பெற்று நிறுவியதா, மூலநிரலிலிருந்து தொகுத்ததா என்னும் விவரம்.

4. மொழிச்சூழல் அமைப்பும், வரிசைப்படுத்தப் பயன்பட்ட முறையும்.

5. குலுக்கல் முறை பயன்பட்டிருப்பின் அதன் தொடக்க எண்.

6. கையால் எண்ணிச் சரிபார்த்த சிறுபகுதி ஒன்றன் முடிவு.

இவற்றுள் ஆறாவதே தலையாயது. யூனிக்ஸ் மரபில் தொகுத்த கருவியை நிறுவுமுன் 'மேக் செக்' என்னும் கட்டளையால் சோதித்துப் பார்ப்பது வழக்கம். அச்சோதனை கருவியை ஆக்கியவர் எண்ணிப்பார்த்த தரவுக்கு மட்டுமே உரியது. தமிழுக்கான சோதனையைத் தமிழ் ஆய்வாளரே அமைத்துக்கொள்ள வேண்டும். 'தமிழ்' என்னும் சொல்லைக் கொடுத்து எழுத்து எத்தனை, சொல் எத்தனை என வினவுதலும், மேற்கூறிய நான்கு சொற்களை வரிசைப்படுத்தக் கூறுதலும் சில நிமிடங்களில் முடியும் வேலை. இச்சிறு சோதனையில் தவறும் கருவியிடம் ஒரு காப்பியத்தை ஒப்படைத்தல் தகாது.

முடிவுரை

கணினி தந்த எண் என்பதாலேயே அது மறுக்கவியலாச் சான்றாகிவிடாது. எண் பிறந்த சூழல் தெரியாதபோது, பின்வரும் ஆய்வாளர் அதனை ஏற்கவும் மறுக்கவும் இயலாது நிற்கிறார். தமிழ்த்துறைகள் ஆய்வுநெறிமுறைத் தாளில் சுவடிப் பதிப்பியலுக்கு அடுத்ததாக யூனிக்ஸ் கட்டளைகளையும் கருவி நிறுவலையும் சில வகுப்புகளிலேனும் கற்பித்தல் வேண்டும். ஆய்விதழ்கள் நிறுவற்குறிப்பு இல்லாத கணினிவழிக் கட்டுரைகளைத் திருத்தத்திற்குத் திருப்பியனுப்புதல் வேண்டும். மதிப்பீட்டாளர்கள் பனுவலின் பதிப்பைக் கேட்பதுபோலக் கருவியின் பதிப்பையும் கேட்டல் வேண்டும். பொறுப்பாளராகவோ உதவியாளராகவோ இருந்து கருவியை நிறுவித் தந்தவரின் பெயர் நன்றியுரையில் இடம்பெறுதலும் முறையாகும். இவை நடைமுறைக்கு வருமாயின், இன்று எண்ணப்படும் சொற்களைப் பத்தாண்டு கழித்து எண்ணுபவர் வேறு எண்ணைப் பெறும்போது, வேறுபாடு பனுவலில் உள்ளதா கருவியில் உள்ளதா என்பதை அவரால் பிரித்தறிய இயலும்.