“குரோஷா வேலை” என்னும் வசை

சென்ற மாதம் நமது ஊரில் ஒரு நூல் விமர்சனக் கூட்டம் நடைபெற்றது. நம்மிடம் முதுகலை பயின்ற மாணவி ஒருவரின் முதல் கவிதைத் தொகுப்பு விமர்சனத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்டிருந்தது. பேச வந்தவர் நாற்பது நிமிடம் பேசினார். படிமம், மௌனம், இருண்மை எல்லாம் வந்துபோயின. இறுதியில், “கவிதைகள் அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் இவையெல்லாம் குரோஷா வேலை. தேநீர்க் கோப்பைக்கு அடியில் வைத்துக்கொள்ளலாம்” என்று முடித்தார். அரங்கு சிரித்தது. நாமும் சிரித்தோம். இக்கட்டுரை அந்தச் சிரிப்புக்கான பிராயச்சித்தம் என்று கொண்டாலும் தவறில்லை.

கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது மாணவி நம்மிடம் கேட்டது ஒரே கேள்விதான். “சார், அவருக்குக் குரோஷா போடத் தெரியுமா?”

நமக்கு விடை தெரியவில்லை. அவருக்குத் தெரியாது என்று ஊகிக்கலாம். நமக்கும் தெரியாது என்பதோ ஊகமே அன்று. அறியாத ஒரு தொழிலின் பெயரை வசையாக எறிவதும், அவ்வசைக்குச் சிரிப்பதும் இலக்கியவாதிகளுக்கு மட்டும் எவ்வாறு உரிமையாயிற்று? ‘கட்டுமானப் பணி போன்ற கவிதை’ என்றால் பாராட்டு. ‘சிற்பம் போன்ற கவிதை’ என்றால் பெரும் பாராட்டு. ‘பின்னல் வேலை போன்ற கவிதை’ என்றால் மட்டும் ஏன் இழிவு? கல்லும் உளியும் ஆண்களின் கையிலும், நூலும் ஊசியும் பெண்களின் மடியிலும் இருந்தன என்பதைத் தவிர வேறு காரணம் எதுவும் நமக்குப் புலப்படவில்லை.

நிற்க. அம்மாணவி கோடை விடுமுறையில் தெருப் பிள்ளைகளுக்குக் குரோஷா கற்றுக்கொடுப்பவர். தர்ப்பூசணி, ஆரஞ்சு, கிவி என்று பழத்துண்டு வடிவில் வண்ணவண்ணமாகக் கோஸ்டர்கள் பின்னச் சொல்லித்தருகிறார். தட்டையான வட்டம்தான் கற்பவருக்கு முதற்பாடம் என்பதாலும், வண்ணம் மாற்றுவதை அதிலேயே பழகிவிடலாம் என்பதாலும் பழத்தைத் தேர்ந்துகொண்டதாகச் சொன்னார். அவரிடமே மாணவராகச் சேர்ந்தோம். அங்கு கற்றவற்றைக் கொண்டே இங்கு வாதிடுகிறோம்.

குரோஷே என்பது பிரெஞ்சுச் சொல். சிறு கொக்கி என்பது அதன் பொருள். நம் வீடுகளில் அது குரோஷாவாயிற்று. கருவி அவ்வளவே: நுனியில் கொக்கி வளைந்த ஓர் ஊசி. கோஸ்டருக்கு 3.5 மில்லிமீட்டர் ஊசியும் பருத்தி நூலும் போதும். அக்ரிலிக் நூல் மலிவு, வண்ணங்களும் அதிகம். ஆனால் அது செயற்கை இழை, கடுஞ்சூட்டில் இளகும். கோப்பையில் வழியும் நீரைப் பருத்தி அளவுக்கு உறிஞ்சவும் செய்யாது. சூடான டம்ளரின் கீழே இருக்க வேண்டிய பொருளுக்குப் பருத்தியே தகும். பொருளின் பயனை அறிந்து அதற்கேற்ற மூலத்தைத் தேர்வது என்னும் இந்த முதற்பாடம் நமது கவிதைப் பட்டறைகளில் எத்தனையில் நடத்தப்படுகிறது?

தர்ப்பூசணிக்கு வருவோம். சிவப்பு நூலால் ஒரு வளையம் போட்டு அதனுள் பன்னிரண்டு இரட்டைக் குரோஷாத் தையல்கள் இட வேண்டும். இரண்டாம் சுற்றில் ஒவ்வொரு தையலிலும் இரண்டிரண்டு, ஆக 24. மூன்றாம் சுற்றில் ஒன்றுவிட்டு ஒன்றில் இரண்டு, ஆக 36. இதுவரை சதை. அடுத்து வெள்ளை நூல், பழத்தோலின் உட்புற வெண்மைக்கு. இங்கு உயரம் குறைந்த ஒற்றைக் குரோஷாத் தையலுக்கு மாறுகிறோம். தையல் குட்டையாகிவிட்டதால் வட்டம் விரியும் வேகமும் குறைகிறது. எனவே பன்னிரண்டைக் கூட்டாமல் ஆறை மட்டும் கூட்ட வேண்டும்: 42. கடைசியாகப் பச்சைத் தோல்: 48. கறுப்பு நூலால் ஆங்காங்கே விதைகளைத் தைத்தால் பழம் முடிந்தது. கூட்டிப் பாருங்கள். 162 தையல்கள். ஆறு கோஸ்டர் கொண்ட ஒரு தொகுதிக்கு 972.

இந்தக் கணக்கில் தவறினால் என்ன ஆகும்? கூட்ட வேண்டிய இடத்தில் கூட்டாவிட்டால் வட்டம் குழிந்து கிண்ணமாகும். கூடுதலாகக் கூட்டிவிட்டால் ஓரம் நெளிந்து பாவாடைக் கொசுவம்போல் அலையும். ஆரம் வளர்ந்தால் சுற்றளவு எந்த விகிதத்தில் வளர வேண்டும் என்பதைப் பின்னுபவரின் விரல்கள் ஒவ்வொரு சுற்றிலும் கணக்கிடுகின்றன. நாம் பின்னிய முதல் தர்ப்பூசணி கிண்ணமாயிற்று. இரண்டாவது நெளிந்தது. மூன்றாவதுதான், அதுவும் மூன்றாம் நாள் மாலையில், மேசைமேல் படுத்தது. “ஒரே மணி நேரத்தில் எவரும் செய்யலாம்” என்று கூவும் செய்முறைக் குறிப்புகளை இங்கேயே கண்டித்துவிடுகிறோம். எளிது என்று சொல்லிக் கற்பவரை ஊக்குவிப்பது ஒருபுறம் இருக்கட்டும். அச்சொல்லே பின்னர் அந்த உழைப்பின் விலையைக் குறைக்கவும் பயன்படுகிறது. “ஒரு மணி நேர வேலைதானே, ஐம்பது ரூபாய்க்குத் தரக்கூடாதா?” என்று கேட்பவர் அக்கூவலின் வாரிசே.

இன்னொன்றும் கற்றோம். கம்பிப் பின்னலில் பல கண்ணிகள் ஊசியில் உயிரோடு நிற்கும். குரோஷாவிலோ பெரும்பாலும் ஒரே ஒரு கண்ணிதான். அந்த ஒன்றை விட்டுவிட்டு நூலை இழுத்தால் பின்னியதெல்லாம் வந்த வழியே பிரிந்துபோகும். இதைப் பலவீனம் என்று கருதியிருந்தோம். பிழை கண்ட இடத்துக்குத் திரும்பிப்போகும் வசதி அது என்று மாணவி விளக்கினார். மூன்றாம் சுற்றில் ஒரு தையல் தவறியது ஐந்தாம் சுற்றில் தெரியவந்தால், இரண்டு சுற்றுகளைத் தயங்காமல் பிரிக்கும் பத்து வயதுச் சிறுமியை அவர் வீட்டுத் திண்ணையில் கண்டோம். அச்சில் வந்துவிட்ட ஒரு வரியைப் பிரிக்கத் துணிந்த கவிஞர்கள் நம்மிடையே எத்தனை பேர்? தம் கருத்தைப் பிரித்துப் பார்த்த விமர்சகர்கள் எத்தனை பேர்?

சரி, இவையெல்லாம் நுட்பம். நுட்பம் கலையாகுமா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. கோஸ்டரைக் காப்பியம் என்று நாம் சொல்லவரவில்லை. அச்சிட்ட குறிப்பைப் பார்த்து அப்படியே பின்னிய ஆயிரமாவது தர்ப்பூசணியில் புதுமை ஏதுமில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். விமர்சகர் அந்தத் தொகுப்பில் கண்டது பழகிய வடிவத்தை மீளச்செய்தல் என்றால், “இது படி எடுத்தல்” என்று சொல்லியிருக்கலாம். அதை வரிகாட்டி நிறுவியிருக்கலாம். அவ்வாறு செய்யாமல், பெண்கள் செய்வது என்று அனைவரும் அறிந்த ஒரு வேலையின் பெயரைச் சொன்னால் போதும், அரங்கு சிரித்துவிடும் என்று அவர் நம்பினார். நாம் சிரித்து அந்த நம்பிக்கையை மெய்யாக்கினோம்.

அந்த வேலையின் வரலாறு சிரிப்பதற்குரியதுதானா? 1845இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் நோயுற்றுப் பெரும்பஞ்சம் தொடங்கிற்று. ஏறத்தாழப் பத்து இலட்சம் பேர் மாண்டனர். அக்காலத்தில் கன்னிமடங்களும் பாதிரியார் குடும்பத்துப் பெண்களும் கற்பித்த குரோஷா லேஸ் எத்தனையோ குடிசைகளில் அடுப்பு எரியக் காரணமாயிற்று. ரோஜா, மூவிலை, திராட்சைக் கொத்து என்று தனித்தனியே பின்னி, பின் வலையாக இணைப்பது அவர்கள் முறை. பழத்தை நூலில் பின்னுவது இன்றைய பொழுதுபோக்காளரின் கண்டுபிடிப்பு அன்று.

நம் பக்கத்திலும் இக்கதை உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நாகர்கோவிலில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அம்மையார் பெண்களுக்கு லேஸ் கற்பித்தார். அது கொக்கி ஊசிப் பின்னல் அன்று, திண்டின்மேல் நூற்கட்டைகளைக் கொண்டு செய்யும் லேஸ். ஆயினும் பெண்ணின் கைவேலை அவளுக்கே காசாக மாறிய வரலாற்றில் அதற்கு இடம் உண்டு. அதே நூற்றாண்டில் மிஷனரிகள் வழியாகக் குரோஷா வேரூன்றிய ஊர் கோதாவரிக் கழிமுகத்தை அடுத்த நரசாபுரம். மரியா மீஸ் என்னும் ஜெர்மானியச் சமூகவியலாளர் அவ்வூரின் லேஸ் பெண்களைப் பற்றி எழுதிய நூல் 1982இல் வெளிவந்தது. உலகச் சந்தைக்குப் பொருள் ஏற்றுமதியாகிறது. வணிகர்களும் ஏற்றுமதியாளர்களும் ஆண்கள். நாள் முழுதும் பின்னிய பெண்களோ ‘வீட்டில் சும்மா இருப்பவர்கள்’. ஒருத்தி பூவை மட்டும் பின்னுவாள், இன்னொருத்தி இணைப்பாள். முழுப் பொருளின் விலை இருவருக்கும் தெரியாது. வயலுக்குப் போகும் தலித் பெண்கள் இவர்களைவிட அதிகம் ஈட்டினார்கள் என்பதையும், வெளியே போகாமை என்ற கௌரவமே இவர்களின் கூலியைத் தாழ்த்திவைக்க உதவியது என்பதையும் மீஸ் காட்டினார். நரசாபுரக் குரோஷா லேஸுக்கு 2024இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பொருளுக்குப் பெயர் கிடைத்தது. பின்னியவரின் பெயர் இன்னும் பொட்டலத்தின்மேல் ஏறவில்லை.

இங்கு ஓர் உண்மையை அழுத்திச் சொல்ல வேண்டும். கம்பிப் பின்னலுக்கு இயந்திரம் உண்டு. நம் திருப்பூரே சாட்சி. ஆனால் கையால் போடும் குரோஷாவை அப்படியே செய்யும் ஆலை இயந்திரம் இன்றுவரை புழக்கத்துக்கு வரவில்லை. குரோஷா இயந்திரம் என்று ஆலைகளில் அழைக்கப்படுவது வேறொரு பின்னல் முறை. ஆகவே கடையில் மலிவாகத் தொங்கும் குரோஷாக் கோஸ்டர் மெய்யான குரோஷாவாக இருந்தால், எங்கோ ஒரு கை நூலை வளைத்து இழுத்துத்தான் அதைச் செய்திருக்கிறது. அந்த மலிவு எவருடைய கூலியிலிருந்து பிடிக்கப்பட்டது என்று கேட்க வேண்டியவர்கள் நாம். நாமோ கோப்பையை அதன்மேல் வைத்துவிட்டுக் கவிதை பேசுகிறோம்.

‘வீட்டில் சும்மா இருப்பவர்கள்’ சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. 2016இல் சென்னையில் ‘மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்’ என்ற குழுவினர் 11,148.5 சதுர மீட்டர் பரப்புள்ள குரோஷாப் போர்வையை விரித்துக் கின்னஸ் பதிவேட்டில் இடம்பெற்றனர். அந்த ஆண்டின் தமிழ் இலக்கியக் கட்டுரைகளில் அதைப் பற்றி ஒரு வரியும் நம் கண்ணில் பட்டதில்லை. நாமும் எழுதவில்லை.

இறுதியாக, நம் துறை சார்ந்த ஒன்று. தமிழில் புத்தகத்துக்குப் பெயர் என்ன? நூல். பனுவல் என்ற சொல்லும் இழைக்கும் ஏட்டுக்கும் பொதுவானதே. பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் யாத்த பவணந்தி முனிவர் நூல் உருவாகும் முறையைப் பஞ்சும் கதிரும் கொண்டு விளக்குகிறார். சொற்கள் பஞ்சு, செய்யுள் இழை, அறிவு கதிர், வாய் கை. நூற்பவர் யார்? பெண். புலவனை அவர் நூல் நூற்கும் பெண்ணுக்கு ஒப்பிட்டார். அது அவருக்கு இழிவாகத் தோன்றவில்லை. இலக்கணத்தின் வாயிலிலேயே நிறுத்தத்தக்க பெருமையாகத் தோன்றிற்று. அச்சூத்திரத்தை நாம் ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறோம். தேர்வில் அதற்கு மதிப்பெண்ணும் அளிக்கிறோம். பின்னர் மாலைக் கூட்டத்துக்குப் போய், நூல் வேலை என்று சொல்லி ஒரு பெண்ணின் நூலைத் தள்ளியவருக்குக் கைதட்டிவிட்டு வருகிறோம். இதைவிட வெட்கக்கேடு ஒரு தமிழாசிரியருக்கு உண்டா?

எனவே நாம் முன்வைப்பது இது. ஒரு கவிதை பிடிக்கவில்லையென்றால் அதன் குறையை அதன் வரிகளில் காட்டுங்கள். அறியாத கைகளின் தொழிலை அதற்கு வசையாகக் கடன்வாங்காதீர்கள். இதை மறுக்க விரும்பும் அன்பர்கள் தாராளமாக மறுக்கலாம். ஒரே ஒரு நிபந்தனை: முதலில் ஒரு தர்ப்பூசணி பின்னுங்கள். 12, 24, 36, 42, 48. அது மேசைமேல் தட்டையாகப் படுத்தபின் எழுதுங்கள்.

நாம் பின்னிய முதல் தர்ப்பூசணி, அந்தக் கிண்ணம், இப்போது நமது மேசைமேல்தான் இருக்கிறது. கோப்பையை அதில் வைக்க முடியாது. குண்டூசிகளைப் போட்டு வைத்திருக்கிறோம்.