கலர் போனால் டி.வி.யே போச்சா?

சமையல் குறிப்பும் கை வைத்தியமும் எழுதும் இடத்தில் டி.வி. பெட்டியின் பின்பக்கத்தைப் பற்றி எழுத வந்துவிட்டாளே என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். வீட்டில் டி.வி. மக்கர் செய்தால் முதல் ஏச்சு யாருக்கு விழுகிறது? நமக்குத்தானே! "துடைக்கிறேன் துடைக்கிறேன்னு எதையோ இழுத்து விட்டுட்டே" என்பார் வீட்டுக்காரர். "பழசைத் தூக்கிப் போடும்மா, தவணையில புதுசு வாங்கிடலாம்" என்பான் மகன். மெக்கானிக் வந்தால், நின்ற வாக்கிலேயே "பிக்சர் டியூப் போச்சும்மா" என்று முடித்துவிடுவார். ஏச்சு வாங்குவது நாம். பணம் போவதும் நம் சிறுவாட்டிலிருந்துதான். ஆனால் அந்தப் பெட்டியைத் திருப்பிப் பார்க்க மட்டும் நமக்குத் தெரியக் கூடாதாம். இது என்ன நியாயம்?

படம் கறுப்பு வெள்ளையாகிவிட்டால், அல்லது முகமெல்லாம் நீலம் பூத்துத் தெரிந்தால், உடனே டி.வி.க்குக் காரியம் செய்துவிடாதீர்கள். பல நேரம் கோளாறு பெட்டிக்குள் இருப்பதே இல்லை. வெளியே ஒயரிலோ, ரிமோட்டில் இருக்கும் செட்டிங்கிலோதான் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க ஸ்க்ரூ டிரைவர்கூட வேண்டாம். கண்ணும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

முன்பெல்லாம் இந்தத் தொல்லை இல்லை. 1982-ல் நம் நாட்டில் கலர் ஒளிபரப்பு வந்தபோது ஆன்டெனா ஒயர் ஒன்றுதான். பிறகு கேபிள் வந்தது. அதுவும் ஒற்றை ஒயர்தான். 2006-ல் தமிழக அரசு இலவச கலர் டி.வி. கொடுக்க ஆரம்பித்தபோதும் பெரும்பாலும் அப்படித்தான். செட்டாப் பாக்ஸ் வந்த பிறகுதான் மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று ஒயர் வீட்டுக்குள் நுழைந்தது. 2017-ல் அரசு கேபிளும் செட்டாப் பாக்ஸ் கொடுக்கத் தொடங்கியது. மாட்ட வந்தவர்கள் மாட்டிவிட்டுப் போனார்கள். எது எதற்கு என்று வீட்டுப் பெண்களிடம் எத்தனை பேர் சொன்னார்கள்?

சரி, யாரும் சொல்லவில்லை என்றால் நமக்குள் நாமே சொல்லிக்கொள்வோம். மஞ்சள் ஒயர் படத்துக்கு. வெள்ளையும் சிவப்பும் சத்தத்துக்கு. சில டப்பா டி.வி.க்களில் பச்சை, நீலம், சிவப்பு என்று இன்னொரு மூன்று ஓட்டை இருக்கும். அந்த மூன்றுமே படத்துக்குத்தான். பச்சையில் வெளிச்சம் வரும், நீலத்திலும் சிவப்பிலும் நிறம் வரும். குழப்பம் இங்கேதான். மஞ்சள் ஒயரைப் பச்சை ஓட்டையில் மாட்டினால் படம் வரும், ஆனால் கறுப்பு வெள்ளையில் வரும். நீலத்தையும் சிவப்பையும் மாற்றி மாட்டினால் நிறங்கள் தலைகீழாகி முகம் நீலம் பாரிக்கும். போதாததற்கு, சத்தத்துக்கு ஒரு சிவப்பு, படத்துக்கு ஒரு சிவப்பு! சில டி.வி.யில் மஞ்சளுக்கும் பச்சைக்கும் சேர்த்து ஒரே ஓட்டைதான் இருக்கும். அதில் ஒயர் சரியாக இருந்தாலும், ரிமோட்டில் ஏ.வி. என்று வைக்காவிட்டால் கலர் வராது.

எங்கள் தெருவில் தையல் மிஷின் வைத்துப் பிழைக்கும் ஒரு அக்கா இருக்கிறார். படுக்கையில் இருக்கும் மாமியாருக்கு டி.வி.தான் துணை. புது செட்டாப் பாக்ஸ் மாட்டிய மறுநாளிலிருந்து படத்தில் கலர் இல்லை. பார்க்க வந்த மெக்கானிக், "டியூப் அவுட்டும்மா. 300 ரூபா தர்றேன், என்கிட்டயே போட்டுருங்க" என்றாராம். அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. பெட்டியைத் திருப்பிப் பார்த்திருக்கிறார். மஞ்சள் ஒயர் பச்சை ஓட்டையில் உட்கார்ந்திருக்கிறது! எடுத்து மஞ்சளில் மாட்டி, ரிமோட்டில் ஏ.வி.யை வைத்தார். கலர் வந்துவிட்டது. "ஜாக்கெட் துணிக்கு நூல் கலர் பார்த்து எடுக்கத் தெரிஞ்சவளுக்கு இது தெரியாதா?" என்று அவர் கேட்டபோது எனக்குப் பெருமையாக இருந்தது. புது டி.வி. வாங்கியிருந்தால் எத்தனை மாதத் தையல் கூலி அதில் போயிருக்கும்!

கோளாறு பெட்டிக்குள்ளா, வெளியேயா என்று அறிய சுலபமான வழி இருக்கிறது. டி.வி.யின் சொந்த ரிமோட்டில் மெனுவை அழுத்துங்கள். திரையில் வரும் எழுத்தும் கட்டமும் வழக்கமான நிறத்தில் இருந்து, படம் மட்டும் கெட்டிருந்தால், பிக்சர் டியூபைக் குறை சொல்ல முடியாது. ஒயர், செட்டாப் பாக்ஸ், செட்டிங் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். மெனு எழுத்தும் சேர்ந்தே ஒரே நிறமாக அடித்தால் பெட்டிக்குள் கோளாறு. அப்போது மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

ஒயரில் கை வைக்கும் முன் டி.வி., பாக்ஸ் இரண்டின் பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். ஒயரைக் கழற்றி, முனையை உலர்ந்த துணியால் துடைத்து, லேசாகத் திருகியபடி மாட்டுங்கள். கடலோர ஊர்களில் உப்புக் காற்றில் அந்த முனை சீக்கிரம் களிம்பு ஏறிவிடும். அப்படியும் சரியாகவில்லை என்றால் வேறு ஒயர் போட்டுப் பாருங்கள். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. சில பாக்ஸில் ஒரு பக்கம் ஹெட்போன் பின் போல ஒற்றை முனையும், மறுபக்கம் மூன்று கலரும் உள்ள ஒயர் வரும். பார்வைக்கு எல்லாம் ஒன்று போலவே இருக்கும். உள்ளே இணைப்பு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பக்கத்து வீட்டு ஒயரைப் போட்டதும் படம் போய், 'ஙொய்' என்று இரைச்சல் கேட்டால் பயப்படாதீர்கள். மஞ்சள் ஓட்டையில் மற்ற இரண்டு முனைகளையும் மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

அடுத்தது செட்டிங். குழந்தைகள் ரிமோட்டை நோண்டி 'கலர்' அளவைப் பூஜ்யத்தில் வைத்திருக்கலாம். அதுவும் சரியாக இருந்தால் 'கலர் சிஸ்டம்' என்ற இடத்தைப் பாருங்கள். நம் நாட்டு முறை 'பால்'. அமெரிக்கா, ஜப்பானில் இருந்தது 'என்.டி.எஸ்.சி.' டி.வி. ஒன்றிலும் பாக்ஸ் இன்னொன்றிலும் இருந்தால் படம் கறுப்பு வெள்ளையாகிவிடும். டி.வி.யில் 'ஆட்டோ' என்றும் பாக்ஸில் 'பால்' என்றும் வைத்தால் போதும். அமெரிக்காவிலிருந்து பிள்ளைகள் கொண்டு வந்த டி.வி.டி. பிளேயரில் கலர் வராததற்கும் பல நேரம் காரணம் இதுதான். புது பாக்ஸைப் பழைய டி.வி.யில் இணைக்க விற்கிற சின்ன டப்பாவின் பக்கவாட்டிலும் இதற்கென்றே ஒரு குட்டி ஸ்விட்ச் இருக்கும். அதையும் பாருங்கள்.

திரையின் மூலையில் மட்டும் பச்சையோ ஊதாவோ திட்டு விழுந்தால், பக்கத்தில் ஸ்பீக்கர் இருக்கிறதா என்று பாருங்கள். காந்தம் டப்பா டி.வி.க்கு ஆகாது. ஸ்பீக்கரைத் தள்ளி வைத்துவிட்டு, ரிமோட்டில் அணைக்காமல் மெயின் ஸ்விட்சையே அணைத்து, அரை மணி நேரம் கழித்துப் போடுங்கள். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தால் திட்டு மறைய வாய்ப்பு உண்டு.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். எக்காரணம் கொண்டும் பின்மூடியைத் திறக்காதீர்கள். கலர் பிக்சர் டியூபுக்கு 20 ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் மின்சாரம் போகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது உள்ளே தங்கியிருக்கும். மூடிக்கு வெளியே இருப்பது நம் பாடு. உள்ளே இருப்பது விஷயம் தெரிந்த மெக்கானிக் பாடு. நேர்மையான மெக்கானிக்குகளும் நிறையப் பேர் இருக்கிறார்கள். "மெனு எழுத்து சரியா தெரியுது, ஒயரை மாத்திப் பார்த்தாச்சு" என்று நாம் சொன்னால் அவர்களுக்கும் பாதி வேலை மிச்சம். ஏமாற்ற நினைப்பவர்களும் ஒரு நிமிடம் யோசிப்பார்கள்.

'பழைய டி.வி.தானே, போனால் போகிறது' என்று சொல்வோருக்கும் ஒரு வார்த்தை. அந்த டியூப் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. குப்பையில் போட்டு உடைத்தால் அது மண்ணுக்குக் கேடு. உழைக்கிற வரை உழைக்கட்டும். உண்மையிலேயே ஆயுள் முடிந்துவிட்டால், மின்னணுக் கழிவு எடுக்கிறவர்களிடம் முறையாகக் கொடுப்போம்.

டி.வி., செட்டாப் பாக்ஸ் விற்கிறவர்களுக்கு ஒரு கோரிக்கை. எந்த ஒயர் எந்த ஓட்டையில் என்று தமிழில், படம் போட்டு ஒரு துண்டுச் சீட்டு கொடுங்கள். மாட்ட வரும் தம்பிகளே, வீட்டில் ஆம்பளை இல்லையா என்று தேடாமல், இருக்கிற பெண்ணிடம் இரண்டு நிமிடம் சொல்லிவிட்டுப் போங்கள். மதியம் 2 மணிக்குப் படம் கெட்டால் எதிரே நிற்கப் போவது அவள்தான்.

மிக்ஸி கப்ளிங் மாற்றுகிறோம், குக்கர் வெயிட்டைக் குத்தி எடுக்கிறோம், கேஸ் ரெகுலேட்டர் மாட்டுகிறோம். மூன்று கலர் ஒயர் நமக்கு எம்மாத்திரம்?

- ஒரு இல்லத்தரசி, திருநெல்வேலி.